இரத்தசோகையும் குடும்பக் கணக்கும்

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

நம் கிராமங்களில் ஒரு ஸ்திரீயை நோக்கி, "தேக சௌக்கியம் எப்படி?" என்று வினவினால், "வியாதி ஒன்றுமில்லை, உடம்பிலேதான் தெம்பில்லை" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றி நாலடி நடந்ததும் மூச்சு வாங்குதல், நாற்று நட்டு நிமிரும்போது கண் இருண்டு வருதல், மாலையானால் கால் கனத்துப் போதல், சிறு ஓசைக்கும் நெஞ்சு படபடத்தல் ஆகிய இவற்றை வியாதியென்று எவரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பெண் பிறவிக்கு இது இயல்பென்று மாமியார் சொல்லுவார்; வேலை அதிகமென்று புருஷன் சொல்லுவான்; கண்ணேறு என்று அண்டை வீட்டார் சொல்லுவார். உண்மை யாதெனில், இவருள் பெரும்பாலோருக்கு இருப்பது இரத்தசோகை என்னும் நோயாகும். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேற்பட்டவர்க்கு இரத்தசோகை உண்டென்று கண்டார்கள். இந்தியா முழுமைக்கும் அத்தொகை நூற்றுக்கு 57. இரண்டு பேரில் ஒருவருக்கு இருக்கும் ஒன்றை இயல்பென்று மக்கள் நினைத்துவிடுதல் வியப்பன்று. ஆயினும் அது இயல்பன்று. வரவுக்கு மேற்பட்ட செலவினால் கணக்கில் விழுந்த துண்டே அது. துண்டு விழுந்த கணக்கை நேர் செய்வதற்கு வழியும் உண்டு. அவ்வழியைக் கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

முதலில் அடையாளங்களைச் சொல்லுவோம். கண்ணின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தால் உட்புறம் சிவந்திராமல் வெளுத்திருக்கும். நாக்கு, உள்ளங்கை, நகக்கண் ஆகியவையும் அவ்வாறே. தலைவலி, அசதி, எரிச்சல், பசியின்மை இவை கூட வரும். இவையன்றி வேறோர் அடையாளமும் உண்டு. அதைப் பெண்கள் வெளியே சொல்ல நாணுகிறார்கள். அரிசி களையும்போது பச்சரிசியைப் பிடி பிடியாக வாயிலிட்டு மெல்லுதல், அடுப்புச் சாம்பல், திருநீறு, சுவரிலுள்ள மண், சிலேட்டுக் குச்சி ஆகியவற்றின்மேல் ஆசை கொள்ளுதல் என்பதே அது. கர்ப்பிணி செய்தால் மசக்கையென்று சிரித்துவிடுகிறோம். சிறு பெண் செய்தால் அடிக்கிறோம். உடம்பில் இரும்புச் சத்து குறைந்தவிடத்து இவ்வாசை எழுவதை வைத்தியர்கள் நன்கறிவார்கள். இரும்பு சேர்ந்தவுடன் பலருக்கு அவ்வாசை தானே நீங்குகிறது. ஆகவே வீட்டில் எவளேனும் அரிசி தின்கிறாள் என்று கண்டால், அவளைக் கண்டிப்பதை விடுத்து இரத்தத்தைப் பரிசோதிப்பது சிலாக்கியம்.

இரத்தத்துக்குச் செந்நிறம் தருவது ஹீமோகுளோபின் என்னும் பொருள். நாம் உட்கொள்ளும் மூச்சிலுள்ள பிராணவாயுவை அது நுரையீரலில் ஏற்றிக்கொண்டு உடலெங்கும் கொண்டு சேர்க்கிறது. அதனை ஆக்குவதற்கு இரும்பு அவசியம். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. இந்த ஒரு விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் கணக்கு முழுவதும் எளிதில் விளங்கும். கர்ப்பமில்லாத ஸ்திரீக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபினுக்குக் குறைந்தாலும், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தாலும் இரத்தசோகை என்பது பொது விதி. கர்ப்பிணிக்கு 7 கிராமுக்குக் கீழே போனால் அது அபாய நிலை.

இனிச் செலவைப் பார்ப்போம். ஆணாயினும் பெண்ணாயினும் தோல் உதிர்வதாலும் குடலின் உட்புறம் தேய்வதாலும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிகிராம் இரும்பு கழிகிறது. ஆணுக்குச் செலவு அவ்வளவே. பெண்ணுக்கோ மாதவிலக்கினால் மாதந்தோறும் 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம், அதாவது 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு, கூடுதலாகச் செலவாகிறது. நாள் வீதம் பிரித்தால் அரை மில்லிகிராமுக்கு மேல். இது ஒழுங்கான விலக்குக்கு உரிய கணக்கு. 80 மில்லிலிட்டருக்கு மேற்பட்டால் அது மிகுபோக்கு. எவரும் அளந்து பார்க்க முடியாதாகையால் வேறு விதமாக அறியவேண்டும். ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ ஒரு தரம் துணி மாற்ற நேர்ந்தாலும், பெருங்கட்டிகள் வெளிப்பட்டாலும், ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும் அது அளவுக்கு மிஞ்சியதென்று கொள்ளலாம். காப்பர்-டி வைத்துக்கொண்டவர்களில் சிலருக்குப் போக்கு அதிகப்படுவதுண்டு. அவர்கள் அதைச் செவிலியரிடம் சொல்லித் தக்க யோசனை பெறவேண்டும். நாற்பது வயதை ஒட்டியவர்கள், "நிற்கும் காலம் வந்துவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று வருஷக்கணக்கில் பொறுத்துக்கொள்ளுகிறார்கள். வேறு சிலர், கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நகையை அடகு வைத்துக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். இவ்விரண்டும் தவறு. மிகுபோக்குக்குக் காரணங்கள் பல; அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மருந்தினாலேயே பரிகாரம் உண்டு. சஸ்திர சிகிச்சை அவசியமா என்பதை அரசாங்க வைத்தியசாலையில் மற்றொரு டாக்டரிடமும் கேட்டுக்கொண்ட பின்னர் கடனைப் பற்றி யோசிப்பது உத்தமம்.

நாம் அறியாமல் நடக்கும் செலவு ஒன்றும் உண்டு. கொக்கிப்புழுவைத்தான் சொல்லுகிறேன். 1920களில் ராக்பெல்லர் ஸ்தாபனத்தின் உதவியுடன் சென்னை மாகாணத்தில் இப்புழுவை எதிர்த்துப் பெருமுயற்சி நடந்தது. வெட்டவெளியில் மலங்கழித்த இடத்து ஈரமண்ணில் முட்டை பொரிந்து, புழுக்குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, முடிவில் குடலில் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. நம் பக்கத்தில் மிகுதியாய்க் காணும் இனத்தில், புழு ஒன்று நாளொன்றுக்கு உறிஞ்சுவது 0.03 மில்லிலிட்டர். அற்பமென்று தோன்றும். நூறு புழு இருந்தால் நாளுக்கு 3 மில்லிலிட்டர்; மாதத்துக்கு 90. அதில் ஒரு பகுதி இரும்பைக் குடலே திரும்ப வாங்கிக்கொள்ளுகிறதென்றாலும், மாதவிலக்குக்கு மேல் இன்னொரு மாதவிலக்கு மாதந்தோறும் நடப்பதற்கு இது ஒப்பாகும். 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கும் தேசிய தினம் 2015 முதல் ஏற்பட்டிருக்கிறது. ஆனால் வரப்பிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு உழைப்பவள் தாய் அல்லவா? அவளும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையை வாங்கிக்கொள்ளலாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் மட்டும் அது ஆகாது. மாத்திரையினால் புழு போகும். ஆனால் மண் சுத்தமாகாவிட்டால் மறுபடியும் வரும். கட்டிக்கொடுத்த கக்கூஸ்களைச் சிலர் விறகு அடுக்கும் அறையாக வைத்திருக்கிறார்கள். அவ்விறகுக்கு அவர்கள் கொடுக்கும் விலை இன்னதென்று இதனால் அறியலாம்.

வரவு என்பது ஆகாரம் ஒன்றே. அரிசிச் சோறும் குழம்புமாக உண்ணும் உணவில் நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் இரும்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பு முழுவதையும் குடல் ஏற்பதில்லை. நூற்றுக்கு 5 முதல் 8 பங்குதான் ஏற்கிறது. ஆகவே 15இல் உடம்பில் சேர்வது சுமார் 1 மில்லிகிராம். செலவோ ஒன்றரை. நாளொன்றுக்கு 0.4 மில்லிகிராம் துண்டு விழுந்தாலும் வருஷத்துக்கு 146 மில்லிகிராம். கிட்டத்தட்ட 300 மில்லிலிட்டர் இரத்தத்துக்குரிய இரும்பு. இந்த வித்தியாசத்தைக் கருதியே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020இல், ஆணுக்கு நாளுக்கு 19 மில்லிகிராம் இரும்பும் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் உணவில் வேண்டுமென்று விதித்தது. நம் வீடுகளிலோ நடப்பது நேர்மாறு. புருஷனும் பிள்ளைகளும் உண்டு எழுந்தபின் சட்டியில் எஞ்சிய சோற்றை ரசத்தோடு பிசைந்து உண்பது இல்லாளின் வழக்கமாயிருக்கிறது. மீன் துண்டும் முட்டையும் பருப்பும் அவள் இலைக்கு வருவதில்லை. இதை அன்பென்றும் தியாகமென்றும் புகழ்வோர் உண்டு. அதிகச் செலவுள்ளவருக்குக் குறைந்த வரவைக் கொடுக்கும் சங்கம் எதுவும் தணிக்கைக்கு நில்லாது என்பதை மாத்திரம் என் உத்தியோகத்தின் அனுபவத்தால் சொல்லுவேன். எல்லோரும் ஒரே வேளையில் அமர்ந்து உண்ணும் வழக்கத்தை ஏற்படுத்தினால் போதும். அதற்குக் காசு செலவில்லை.

ஆகாரத்தைப் பற்றிப் பல மயக்கங்கள் உள. பீட்ரூட் சிவப்பாயிருப்பதால் இரத்தம் ஊறும் என்கிறார்கள். அதன் நிறத்துக்கும் இரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. மாதுளையும் பேரீச்சையும் நல்ல பொருள்களே. ஆனால் நாளுக்கு இரண்டு பேரீச்சம்பழம் தின்று சோகையைத் தீர்ப்பது என்பது, வட்டிக்கே போதாத தொகையைக் கட்டிக்கொண்டு கடன் அடையுமென்று காத்திருப்பதாகும். முருங்கைக்கீரை, அரைக்கீரை, கம்பு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு முதலியவை நித்தியம் வேண்டும். பயறுகளை முளைகட்டினாலும், மாவைப் புளிக்க வைத்தாலும், இரும்பு குடலிற் சேராமல் தடுக்கும் பொருள் குறைகிறது. இட்லியும் தோசையும் இவ்வகையில் மேலானவை. புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியின் இரும்பு சிறிது குழம்பில் இறங்கும். நம் பாட்டிமார் வைத்திருந்த அச்சட்டிகளை அலுமினியத்துக்கு மாற்றிக்கொண்டது லாபமான வியாபாரமன்று. சோற்றோடு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் குடல் ஏற்கும் பங்கு அதிகரிக்கும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே பிழியவேண்டும். கொதியில் அதன் சத்து அழியும். மாமிசம் உண்போருக்கு வசதி அதிகம். இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பில் நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு வரை சேரும். ஆட்டின் சுவரொட்டியைச் சோகைக்காரருக்கு வாட்டிக் கொடுக்கும் பழைய வழக்கம் பொருளுள்ளதே.

வரவைக் கெடுக்கும் ஒரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். உணவோடு கூடவோ உணவு முடிந்த உடனேயோ தேநீர் அருந்தினால், அந்த உணவின் இரும்பில் சேரவேண்டியதில் பாதிக்கு மேல் சேராமற் போகிறது. காப்பியும் இவ்விதமே, சற்றுக் குறைவாக. தேநீரை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்பார் இல்லை. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுங்கள் என்றுதான் சொல்லுகிறேன்.

கர்ப்ப காலத்தில் கணக்கு முற்றிலும் மாறுகிறது. சிசுவுக்கும், நஞ்சுக்கும், பெருகும் தாயின் இரத்தத்துக்கும், பிரசவத்தில் போகும் இரத்தத்துக்கும் ஆகச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. நல்ல நிலையிலுள்ள ஸ்திரீயின் உடம்பிலேயே சேமிப்பு 300 மில்லிகிராம் அளவுதான். நம் கிராமத்துப் பெண்களில் பலருக்குச் சேமிப்பு என்பதே கிடையாது. ஆகாரத்தால் மட்டும் ஒன்பது மாதத்தில் இத்தொகையைத் தேடுதல் இயலாத காரியம். ஆதலால்தான், கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் தினம் ஒரு மாத்திரையாக 180 நாளைக்கு இரும்பு மாத்திரை கொடுக்கப்படுகிறது. ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உண்டு. இப்போது பெருக்கிப் பாருங்கள்: 180 தரம் 60, ஆக 10,800 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கு உடம்பிற் சேர்ந்தால் 1,080. கர்ப்பத்தின் தேவை 1,000. கணக்கு நேர்! 180 என்பது யாரோ எழுத்தர் நினைத்தபடி எழுதிய எண் அன்று என்பது இதனால் விளங்கும். முப்பது மாத்திரை தின்றுவிட்டு மீதியைப் பரணில் எறிபவள், ஆறில் ஒரு தவணை கட்டிவிட்டுப் பத்திரத்தைத் திருப்பிக் கேட்பவருக்கு ஒப்பாவாள். பிரசவத்துக்குப் பின்னும் மற்றொரு 180 நாள் அதே மாத்திரையை உண்ணவேண்டும். இழந்ததை மீட்பதற்கும் அடுத்த கர்ப்பத்துக்குச் சேமிப்பதற்கும் அது உரியது. சோகை ஏற்கெனவே உள்ள கர்ப்பிணிக்கு நாளுக்கு இரண்டாகக் கொடுப்பார்கள்.

மாத்திரையிலுள்ள போலிக் அமிலம் நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு சரித்திரம் உடையது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்திய மாது 1928இல் பம்பாய்க்கு வந்து, துணியாலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளிடம் கண்ட கடுமையான ஒருவகைச் சோகையை ஆராய்ந்தார். 1929இல் குன்னூர் பாஸ்டர் ஸ்தாபனத்திலும், பின்னர் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் (பிற்காலத்தில் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி எனப் பெயர் பெற்றது) அவ்வேலை தொடர்ந்தது. ரொட்டியில் தடவி உண்ணும் மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாரம் கொடுத்தால் அச்சோகை நீங்குவதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அச்சாரத்தில் இருந்த மருந்துப் பொருளே பின்னர் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1941இல் அதைப் பசலை வகைக் கீரை ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தனர். அதைச் செயற்கையாக ஆக்கிய அமெரிக்கக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். ஏழைக் கர்ப்பிணிகளின் சோகை விதியன்று, உணவுக் குறை என்பதைப் பரிசோதனையால் நிலைநாட்டிய பெருமை அம்மாதினுடையது. கருத்தரிப்பதற்கு முன்னிருந்தே போலிக் அமிலம் உட்கொண்டால் சிசுவின் முதுகெலும்பும் மூளையும் சார்ந்த சில ஊனங்களும் தடுக்கப்படும் என்பது பின்னால் அறியப்பட்டது.

இவ்வளவு நல்ல மாத்திரை இலவசமாகக் கிடைத்தும், உண்ணாமல் விடுவானேன்? பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்பர் சிலர். பிள்ளை கறுத்துப்போகும் என்பர் சிலர். இரண்டும் ஆதாரமற்றவை. மலம் கறுப்பாகப் போவது உண்மை. சேராமல் நின்ற இரும்பு வெளியேறுவதன் அடையாளம் அது, தீங்கன்று. குமட்டலும் மலச்சிக்கலும் சிலருக்கு உண்டு. வெறும் வயிற்றில் உண்ணாமல் இரவு சாப்பாட்டுக்குப் பின் உண்டு படுத்தால் குமட்டல் தெரியாது. பாலோடும் தேநீரோடும் விழுங்கக்கூடாது. கர்ப்பிணிக்குக் கால்சியம் மாத்திரையும் கொடுப்பதால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொள்ளுகிறார்கள். அவ்வாறு செய்தால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். "இங்கிலீஷ் மருந்து சூடு" என்று அஞ்சும் முதியோருக்கு ஒரு வார்த்தை. சித்த வைத்தியர்கள் பாண்டு என்னும் சோகைக்கு அன்னபேதிச் செந்தூரம் கொடுப்பது எல்லோரும் அறிந்ததே. அன்னபேதி என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த உப்பு. இங்கிலீஷ் மாத்திரையிலும் பெரும்பாலும் இருப்பது அந்த உப்புத்தான்.

பிரசவ நேரத்தில்தான் இக்கணக்கின் உண்மை வெளிப்படுகிறது. ஒழுங்கான பிரசவத்திலேயே இரத்தம் கணிசமாய்ப் போகும். 500 மில்லிலிட்டரைத் தாண்டினால் மிகுபோக்கு என்று கருதுவர். 12 கிராம் உள்ள தாய் அதைத் தாங்கி எழுந்துவிடுவாள். 6 கிராமோடு பிரசவ அறைக்குள் போனவளுக்கு அதே அளவு இரத்தப்போக்கு உயிருக்கு எமனாகிறது. நம் நாட்டில் பிரசவத்தில் இறக்கும் தாய்மார்களின் மரணத்துக்கு இரத்தப்போக்கு ஒரு முக்கியக் காரணம். சோகை அதற்கு வழிவிடுகிறது. பிழைத்தவர் வீட்டிலும் கதை அங்கே முடிவதில்லை. சங்கங்களின் நகைக்கடன் பதிவேட்டில் "வைத்தியச் செலவு" என்று காரணம் எழுதிய இடங்களில் விசாரித்தால், நடுநிசியில் வாடகைக் கார் பிடித்ததும், இரத்தம் தேடி அலைந்ததும், கூலி வேலை விட்டதுமாகத் தாலிக்கொடி வரை அடகுக்கு வந்த வரலாறு தெரியும். இரத்தம் கொடுக்க உறவினர் தயங்குவதும் உண்டு. ஆரோக்கியமான ஒருவர் 350 மில்லிலிட்டர் கொடுத்தால் அதன் நீர்ப்பகுதி ஓரிரு நாளிலும், சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் மீளும். ஆண்மைக்கோ உழைப்புக்கோ குறைவு நேராது.

ஆகவே கர்ப்பம் என்று தெரிந்தவுடனேயே ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். பின்னும் ஒவ்வொரு வருகையின்போதும் கேட்டு எண்ணை அட்டையில் எழுதச் செய்யவேண்டும். "நார்மல்தான்" என்ற வாய்ச்சொல்லோடு திரும்பக்கூடாது. பாஸ் புத்தகத்தில் இருப்புத் தொகையை எழுதி வாங்காமல் எவரேனும் வீடு திரும்புகிறாரா? மாத்திரையால் எண் ஏறாவிட்டாலும், பிரசவம் நெருங்கிவிட்டாலும், சிரை வழியே இரும்பு மருந்து ஏற்றும் சிகிச்சை உண்டு. 7 கிராமுக்குக் கீழாயின் தாமதமின்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கே செல்லவேண்டும்.

சோகை யாவும் இரும்புக் குறையே என்று எண்ணிவிடுதலும் பிழை. முற்றிலும் சைவமாய், பாலும் மோரும் அதிகம் இன்றி உண்போருக்கு வைட்டமின் பி-12 குறைந்து, சோகையோடு கைகால் மரத்துப்போதலும் நேரும். நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் அணுச்சோகை என்னும் பரம்பரை நோய் இருப்பதை 1952இல் கண்டறிந்தனர். அதைப்போலவே தலசீமியா என்னும் பரம்பரை நோயும் உண்டு. இவற்றுக்கு இரும்பு மருந்தன்று. தனிப் பரிசோதனை வேண்டும். மாதவிலக்கு நின்ற மூதாட்டிக்கும், ஆண்களுக்கும் சோகை கண்டால், இரத்தம் எங்கோ ஒழுகுகிறதென்று சந்தேகிக்கவேண்டும். மூலமாயிருக்கலாம்; இரைப்பைப் புண்ணாயிருக்கலாம். மூட்டுவலிக்கென்று பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கி நித்தியம் விழுங்கும் கிழவர்களுக்கு அப்புண் வருவது சகஜம்.

பிறக்கும் சிசுவுக்குத் தாய் கொடுக்கும் இரும்பே ஆரம்ப இருப்பு. கொப்பூழ்க் கொடியை உடனே கத்தரிக்காமல் ஒன்று முதல் மூன்று நிமிஷம் பொறுத்துக் கட்டினால் அவ்விருப்பு கூடும். ஆறு மாதத்துக்குப்பின் தாய்ப்பால் மட்டும் போதாது. பருப்பும் கீரையும் முட்டையும் மசித்துக் கொடுக்கவேண்டும். வயதுக்கு வந்த பெண்களின் விஷயம் இன்னும் முக்கியமானது. வளர்ச்சியும் விலக்கும் ஒரே காலத்தில் தொடங்குவதால் அவர்களுக்கு இரட்டைச் செலவு. அவர்களுக்கென்று வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கும் திட்டம் 2013இல் தொடங்கியது. பள்ளியில் கொடுத்த மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி ஒரு பெண் வாந்தி எடுத்தால், மறுவாரம் வகுப்பு முழுவதும் அதைச் ஜன்னலுக்கு வெளியே எறிகிறது. மதிய உணவுக்குப் பின் ஆசிரியர் தாமும் ஒன்றை விழுங்கிக் காட்டினால் இப்பயம் நீங்கும்.

கூட்டுறவுச் சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 1904இல் செங்கற்பட்டு ஜில்லா திரூரில் மாகாணத்தின் முதற் கிராமச் சங்கம் பதிவான காலம் முதல், வட்டிக்காரனிடமிருந்து குடும்பத்தை மீட்பதே நம் வேலை. வட்டிக்காரனிடம் அனுப்பும் காரணங்களுள் இது ஒன்றானபடியால், இதுவும் நம் வேலையே. தவிர, தமிழ்நாட்டு ரேஷன் கடைகளிற் பெரும்பாலானவை சங்கங்களின் பொறுப்பில் நடக்கின்றன. 2021 முதல் 2024 வரை நாடெங்கும் படிப்படியாகச் செறிவூட்டிய அரிசி ரேஷனில் வழங்கலாயிற்று. அரிசி மாவோடு இரும்பு, போலிக் அமிலம், பி-12 ஆகியவற்றைக் கலந்து அரிசி வடிவத்தில் வார்த்த மணிகளை, நூறு பங்குக்கு ஒன்று வீதம் சேர்த்தது அது. ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கவேண்டுமென்பது விதி. அம்மணிகள் நிறத்தில் சற்று வேறுபட்டும் நீரில் மிதந்தும் காணப்பட்டமையால், "பிளாஸ்டிக் அரிசி" என்ற வதந்தி எழுந்தது. நம் தாய்மார் முறத்தில் பரப்பி அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தார்கள். எந்தச் சத்துக்காக அரிசி வந்ததோ அது கோழிக்குப் போயிற்று. விற்பனையாளர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இது நேர்ந்திராது. இத்தகைய அரிசி வரும் கடைகளில் காரியதரிசி ஒரு பிடி மணியைத் தண்ணீரில் ஊறவைத்து, விரலால் நசுக்கி, மாவாவதைக் காட்டலாம். இவ்வரிசி மாத்திரைக்குப் பதிலாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மகாசபை கூடும் நாளில் கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து, வந்திருக்கும் ஸ்திரீகளுக்கு ஒரு சொட்டு இரத்தப் பரிசோதனை நடத்துவதும் எளிது. லாபப் பங்கீட்டு விவாதம் முடிவதற்குள் அது முடிந்துவிடும்.

மாத்திரை தொடங்கி நான்கு வாரம் கழித்து மறுபடி பரிசோதித்தால் எண் ஒரு கிராமாவது ஏறியிருக்கவேண்டும். ஏறாவிடில், ஒழுங்காக உண்ணவில்லை, அல்லது இரத்தம் வேறெங்கோ போகிறது, அல்லது சோகை வேறு வகையினது. டாக்டரிடம் திரும்பச் செல்லவேண்டும். எண் சரியான அளவை எட்டியபின்னும் உடனே நிறுத்தாமல் மேலும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும். மாத்திரைகளைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், மூடியுள்ள டப்பியில் வைக்கவேண்டும். சிவப்பும் நீலமுமாக இருப்பதால் மிட்டாயென்று எண்ணிக் குழந்தை பலவற்றை விழுங்கிவிட்டால் இரும்பே நஞ்சாகி உயிருக்கு அபாயம் விளையும். அப்போது வாந்தி நின்றுவிட்டதென்று வீட்டில் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும், எஞ்சிய மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு.